அம்மாவுக்கு வயலில் நடந்த சடங்கு

எங்கள் அம்மா வயிற்றுவலியில் சாகவில்லை. கருமாதி அன்று பந்தியில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். "பாவம், வயித்துவலின்னு படுத்தா, எந்திரிக்கவே இல்ல." நான் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வயித்துவலி இல்ல. கர்ப்பப்பை வாய்ல புத்து. ரத்தம் போயிப் போயிதான் செத்தாங்க."

பந்தியில் கை நின்றது. பெரியம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் மோர் வாசனை அடித்தது. "கல்யாணமாகாத புள்ள பேசுற பேச்சாடி இது? ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க."

ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தால் என்ன? அவர்கள் எல்லோரும் எங்கிருந்து வந்தார்கள்? அன்றைக்கு இதைக் கேட்க வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, பஸ் இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்கிற தூரம். அம்மாவும் நானும் நடவுக்குப் போகிறவர்கள். அப்பாவும் கூலிக்காரர்தான், சங்கத்து ஆள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து மீட்டதில் ஒரு துண்டு எங்கள் தெருவுக்கு என்று சொன்னார்கள். சொன்னார்களே தவிர கையில் வரவில்லை. கோட்டையில் இந்தக் கட்சி போய் அந்தக் கட்சி வந்தது, அது போய் இது வந்தது. நிலம் மட்டும் பண்ணையார் உறவுக்காரன் பேரிலேயே இருந்தது. ஒருநாள் அப்பாவும் இன்னும் சில பேரும் அதில் இறங்கி ஏர் ஓட்டி விதை தெளித்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. அப்பாவைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். விதை முளைத்து, மாடு மேய்ந்து, அந்த நிலம் கட்டாந்தரையாகக் கிடந்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார்.

அவர் வந்தது சம்பா நடவு சமயம். வந்த மறுவாரம் அம்மா வயலில் கொஞ்சம் தள்ளாடினாள். பக்கத்தில் நின்ற அத்தை என்னவென்று கேட்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போவது அவள்தான். அம்மா அவள் காதில் ஏதோ சொன்னாள். அத்தை நாற்று முடியைச் சேற்றில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள்.

"அடியே, கேட்டீங்களா சேதிய! நின்னு போயி நாலு வருசமாச்சு, இப்ப திரும்ப வந்திருக்காம் இவளுக்கு!"

வரிசை முழுக்கச் சிரிப்பு.

"வராம என்ன பண்ணும்? புருசன் ஜெயில்லேருந்து பசியோடல்ல வந்திருக்காரு!"

"இப்படின்னா எங்க வீட்டு ஆளையும் ரெண்டு மாசம் உள்ள போடச் சொல்லுங்கடி!"

எங்கள் நடவு வயலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குனிந்து நடும்போது பெண்கள் பேசாத பேச்சு கிடையாது. யார் புருஷன் எப்படி, யார் எத்தனை நாளாகத் தனியாகப் படுக்கிறாள், எல்லாம் வரும். கல்யாணமானவள், ஆகாதவள் என்று பார்க்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த அத்தனையும் அந்தச் சேற்றில் நின்று தெரிந்துகொண்டதுதான். ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. கரையேறிக் காலைக் கழுவிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டில் அதை எடுக்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் எடுக்கக்கூடாது, புருஷனிடம்கூட எடுக்கக்கூடாது. எடுத்தவளை மறுநாள் வரிசையில் சேர்க்கமாட்டார்கள்.

அன்றைக்கு வயலிலேயே அம்மாவுக்குச் சடங்கு செய்தார்கள். வரப்பில் உட்காரவைத்து, நாற்றைத் திரித்து மாலை கட்டிப் போட்டார்கள். சேற்றைக் குழைத்துக் கன்னத்திலும் கையிலும் நலங்கு வைத்தார்கள். ஒருத்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தாய்மாமனாக வந்து, ஒரு முடி நாற்றைச் சீர்வரிசை என்று மடியில் வைத்தாள். குலவை போட்டார்கள். அம்மா "போங்கடி, பைத்தியங்களா" என்று முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் அவள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நானும் குலவை போட்டேன். அதுதான் நோய் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நின்று போன பிறகு ரத்தம் வந்தால் இளமை திரும்பியது என்று சிரிக்கிற கூட்டம் நாங்கள். எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பிள்ளை வேண்டாம் என்பதைச் சொல்ல மட்டும் அரசாங்கம் சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்தது. ஜீப் வைத்து ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். அம்மாவும் அப்படிப் போய் வந்தவள்தான். பிள்ளை பெறுகிற வரைக்கும் எங்கள் உடம்பின் மேல் எல்லோருக்கும் கண். அதற்கப்புறம் அந்த இடம் எங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்றுகூடக் கேட்க ஆளில்லை.

ரத்தம் மாதத்துக்கு ஒரு தடவை என்று வரவில்லை. வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அப்புறம் வெள்ளைபட ஆரம்பித்தது. தை அறுப்பு முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் அப்பாவும் அவளை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன அறை. திரைக்கு அந்தப் பக்கம் ஊசி போட நாலு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்டுக்காரரோட சேர்றப்ப ரத்தம் வருதா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஏதுங்கய்யா இந்த வயசுல? பேரப்புள்ள எடுக்குற வயசு. விட்டு எத்தனையோ வருசம் ஆச்சுங்க."

"அப்ப சரி. நிக்கிற சமயத்துல இப்படி அப்படித்தான் இருக்கும். மாத்திரை தர்றேன்."

போலீஸ்காரன் லத்திக்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றவர் எங்கள் அப்பா. பண்ணையாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. நான் அவரைத் திட்டி எழுதவில்லை. அவருக்கு எது வீரம் என்று சொல்லிக்கொடுத்தார்களோ அதை அவர் செய்தார். இது வீரம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மா பாயைத் தனியாக எடுத்துப்போட்டாள். காரணம் சொல்லவில்லை. அப்பா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். கோடை நடவில் வரிசையில் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட ஆரம்பித்தார்கள். வாடை. அவளுக்கும் அது தெரிந்து, கடைசி ஆளாக ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். சடங்கு செய்த கைகள்தான் அந்த இடத்தை விட்டன.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது முற்றிவிட்டது என்றார்கள். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வார்டில் ஒரு மத்தியானம் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா வந்த அன்னிக்குத்தான் மொதல்ல ரத்தம் பட்டுச்சு. அதுக்கப்புறமும் சேர்றப்ப எல்லாம் வந்துச்சு. அந்த டாக்டர் கேட்டது சரிதான்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"எப்புடிடி சொல்றது? இந்த வயசுல இவளுக்கு என்ன கேக்குதுன்னு நெனைக்கமாட்டாங்க?" போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. அத்தன மாசம் கழிச்சு வந்த மனுசன். அது தப்பாடி?"

"தப்பு இல்லம்மா."

ஆடி பிறக்கும் முன்னால் போய்விட்டாள்.

அந்த வருஷம் சம்பா நடவுக்கு நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். வீட்டில் உலை வைக்க வேண்டுமே. போனேன். அத்தை என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். வரிசையில் பேச்சு பழையபடிதான். அத்தையைத்தான் அதிகம் கிண்டல் பண்ணுவார்கள். அவள் தாலியறுத்துப் பல வருஷம் ஆகிறது. கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற ஒருவர் அவள் வீட்டுக்கு வந்துபோவார். அவருக்கும் பெண்சாதி இல்லை. தெருவுக்கே தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். அத்தையின் மகன் ஒருதடவை அவர் சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் போட்டான். அவர் அதை எடுத்து, துடைத்து, மறுநாளும் மீன் கொண்டுவந்தார்.

"என்னக்கா, நேத்து உங்க வீட்ல மத்தியா, வஞ்சிரமா?"

"எது வந்தா என்ன, உனக்கு முள்ளுகூடக் கெடையாது, போடி."

அத்தை இப்படிப் பதில் சொன்னாளே தவிர, முன்போல நிமிர்ந்து சிரிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் எல்லோரும் கஞ்சி குடிக்கக் கரையேறியபோது அவள் மட்டும் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றேன். கரையில் நாணல் புதருக்குள் சுருட்டி வைத்த துணி. அதில் ரத்தம்.

"என்ன அத்த இது?"

"அட்டை கடிச்சிருச்சு."

எங்கள் வயலில் அட்டை கடிப்பது தினமும் நடப்பதுதான், கடித்த இடத்தில் ரத்தம் நிற்காது என்பதும் உண்மை. ஆனால் எந்த அட்டைக்கு யார் துணி மடித்து வைக்கிறார்கள்?

"எவ்வளவு நாளா அத்த?"

"சத்தம் போடாத."

"எவ்வளவு நாளா?"

"ஆவணிலேருந்து."

கரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா போய் மூன்று மாதம்கூட முழுதாகவில்லை.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் அத்த."

"நான் வரல."

"அம்மாவைப் பாத்தேல்ல? கடைசி நாள்ல நீதானே கழுவி விட்டே?"

"பாத்தேன்டி. அதுனாலதான் சொல்றேன். டாக்டரு மொதல்ல அதைத்தான் கேப்பாரு. உங்கப்பன் தாலி கட்டுனவன், அவனாலயே சொல்ல முடியல. நான் வெறுங்கழுத்தோட போயி என்னன்னு சொல்ல? எம்மவன் காதுக்குப் போனா அவரைக் கொன்னே போட்ருவான்."

"அப்ப சாகப் போறியா?"

"போனாப் போறேன். மானத்தோட போறேன்."

மானம். அம்மாவும் அதைத்தான் வைத்துக்கொண்டு போனாள். போன பிறகு அந்த மானத்தை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா வீட்டிலா? சங்கத்திலா?

மறுபடி வரிசையில் இறங்கினோம். என்னால் நட முடியவில்லை. அத்தையைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதைச் சொல்லவும் இல்லை. என் அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நிமிர்ந்து நின்று சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"எங்கம்மாவுக்கு நாமெல்லாம் சேர்ந்து சடங்கு சுத்துனோமே, அது வயசு திரும்புனது இல்ல. புத்து. நின்னு போன பொறவு ஒரு சொட்டு பட்டாலும் அது தீட்டு இல்ல, காட்டணும். புருசனோட படுத்து எந்திரிச்சு ரத்தம் பட்டாலும் காட்டணும். வாடை அடிச்சா காட்டணும். தஞ்சாவூர்ல நர்ஸம்மா சொன்னாங்க, ஆரம்பத்துல வந்தா பொழைக்க வைக்கலாமாம்."

கைகள் நின்றுவிட்டன. ஒரு வயசான அம்மா கேட்டாள், "கல்யாணமாகாத குட்டிக்கு இவ்வளவும் எப்புடிடி தெரியும்?"

"எங்கம்மா செத்துத் தெரிஞ்சுது."

வரப்பில் குடை பிடித்து நின்ற பண்ணைக் காரியக்காரர் குரல் கொடுத்தார். "என்னங்கடி அங்க மீட்டிங்கு? கையி ஓடட்டும்!"

"ஓடும். பேசி முடிச்சுட்டு ஓடும்" என்றேன்.

"யாரது? ஜெயிலுக்குப் போனவன் பொண்ணா? அப்படித்தான் இருக்கும்."

"ஆமா, அவரு பொண்ணுதான். நீங்களும் போயி உங்க வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. அவங்களுக்கும் இருக்குல்ல கர்ப்பப்பை?"

வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். காரியக்காரர் குடையை மடக்கினார், விரித்தார், மடை பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போனார். சிரிப்பு அடங்கியதும் கேள்வி வந்தது. வெள்ளைபட்டால் எல்லாமே புற்றா? வலிக்கிறதே, அதற்கு என்ன? வீட்டு ஆள் வேண்டுமென்கிறார், எனக்குக் காய்ந்து போய் எரிகிறது, இதெல்லாம் டாக்டரிடம் சொல்லலாமா? எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றேன். கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். இவ்வளவையும் அடிவயிற்றில் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இவர்கள் கிண்டல் பேசியிருக்கிறார்கள். அத்தை மட்டும் நிமிரவேயில்லை. மளமளவென்று நட்டுக்கொண்டே போனாள்.

எனக்கு வந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தம் அதோடு நின்றது. பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்பில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. பொண்ணு வாய் நீளம் என்று சொல்லி அனுப்பினார்கள். போகட்டும். அந்த வீட்டிலும் ஒரு மாமியார் இருப்பாள், அவளுக்காகத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். குளித்து, வெளுத்த புடவை கட்டியிருந்தாள்.

"மொத பஸ்ஸு போயிருச்சா?"

"இல்ல அத்த."

"அப்ப கெளம்பு. அவரும் ரோட்டுல நிக்கிறாரு. தனியா விடமாட்டேன்னுட்டாரு."

மீன்காரர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கூடையும் சைக்கிளும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ மாதிரி தெரிந்தார். தஞ்சாவூர் வரைக்கும் பஸ்ஸில் அவர் முன்னால், நாங்கள் பின்னால்.

டாக்டர் ஒரு அம்மா. என் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவராகத்தான் இருப்பார். எல்லாம் கேட்டுவிட்டு அந்த இடத்துக்கு வந்தார்.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இல்லீங்கம்மா. போயிட்டாரு."

"வேற யாராவது… தப்பா நெனைக்காதீங்க. உறவு இருக்கா? அந்த நேரத்துல ரத்தம் வருதா?"

அப்பாவுக்கு நான் இருந்ததுதான் தடையாக இருந்தது என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் எழுந்து, "நான் வெளிய நிக்கிறேன்" என்றேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாற்று முடிக்கிற கை, வலித்தது.

"இரு. ஊரைக் கூட்டிப் பேசத் தெரிஞ்சுதுல்ல? உக்காந்து கேளு." டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். "இருக்காருங்கம்மா. வெளிய சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாருல்ல, அவருதான். ஆமா, ரத்தம் வருது. ஆவணிலேருந்து வருது. வலியும் இருக்கு. அவருக்குப் பயமாப் போச்சு, ஒரு மாசமா கிட்டயே வரல."

டாக்டர் சிரிக்கவில்லை, முகமும் சுளிக்கவில்லை. தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். "நல்லதும்மா, சொன்னீங்களே. இந்த வயசுல ஒருத்தர் துணை வேணும்னு நெனைக்கிறது வியாதி இல்ல. ரத்தம் வர்றதத்தான் நாம பாக்கணும்." திரையை இழுத்துவிட்டு அத்தையைப் படுக்கச் சொன்னார்.

சதை எடுத்து அனுப்பினார்கள். புற்றுதான். ஆனால் சின்னது, இன்னும் பரவவில்லை என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். அத்தை இருக்கிறாள். இதை எழுதுகிற இன்றைக்கும் இருக்கிறாள், நடவுக்குப் போகவில்லை, வரப்பில் உட்கார்ந்து அதட்டுகிறாள். இதைக் கேட்டு யாராவது என்னிடம் சந்தோஷம்தானே என்றால் சந்தோஷம்தான். அதே வாயால் அழுகையும் வருகிறது. அம்மாவின் புற்றும் ஒருநாள் சின்னதாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் குலவை போட்ட அன்றைக்கு அது எவ்வளவு இருந்திருக்கும் என்று படுத்தால் நினைப்பு வருகிறது. அத்தை பிழைத்ததில் என் அம்மா திரும்பி வரவில்லை. இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது திருவாரூரில் பஸ் மாறினோம், நல்ல கூட்டம். எங்கள் ஊர் ஆட்கள் நாலைந்து பேரும் அதில் ஏறினார்கள். அத்தை மகனின் சிநேகிதன் ஒருவனும் அவர்களோடு. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் அத்தை. பக்கத்தில் நான். மீன்காரர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஊர்க்காரர்களைப் பார்த்ததும் மெல்ல முன்பக்கம் நகரப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" அத்தை பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இல்ல… முன்னாடி காத்து வருது."

"இங்கயும் வருது. வந்து உக்காருங்க." என்னை இடித்தாள். "எந்திரிடி. எளவட்டம்தானே நீ, நின்னுக்கிட்டு வா."

நான் எழுந்தேன். அவர் உட்கார்ந்தார், சீட்டின் நுனியில், மடியில் கையை வைத்துக்கொண்டு. அந்த சிநேகிதன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அத்தை அவனையே பார்த்தாள்.

"என்னடா பாக்குற? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றோம். போயி ஒங்கூட்டாளிகிட்ட சொல்லு. விசாரிக்கணும்னா என் வாசலுக்கு வரச் சொல்லு. இவரு சைக்கிள்மேல கைய வைக்க வேணாம்."

அவன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"கீழ்வேளூரு எத்தன பேரு? எல்லாம் தனித்தனியா?"

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"ஒண்ணாத்தான். மூணு குடுங்க."